மூப்பு

ஆடி இருபத்தாறு ராத்திரிக் காற்று
ஏழு ஏத்தன் வாழையைச் சாய்த்துவிட்டுப் போனது.
ஊன்றுகம்பு நின்றது, வாழை நிற்கவில்லை.
ஓணத்துக்கு இன்னும் இருபத்துமூன்று நாள்.

நனைந்த ரப்பரில் பால் வெட்ட முடியாது,
வில்பிரட் அன்று வீட்டில்.
வெட்டுகத்தியோடு ஒவ்வொன்றின் பக்கமும் போய் நின்றார்,
ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறவர் போல.
மூன்று குலை தேறும் என்றேன்.
நாலு என்றார்.
அஜிதா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:
கன்று, உரம், சாணம் சுமந்த கூலி, ஊன்றுகம்பு.
கம்பு அடுத்த வருசத்துக்கும் ஆகும்,
அதை அடித்துவிடு என்றேன்.

திருவட்டாரில் பஸ். நாலு குலைக்கு
இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
பின்சீட்டில் ஐந்து பேர்,
ஐந்து பேர் காலடியிலும் குலை.
அப்போதே எனக்கு விலை தெரிந்துவிட்டது.

மார்த்தாண்டம் சந்தையில் செய்யதலி
காயின் விளிம்பில் பெருவிரலை ஓட்டினார்.
"மூப்பில்ல, கேட்டியளா. வரம்பு இன்னும் கூரா நிக்கு.
பதினெட்டு போடலாம்."
போன வாரம் ஐம்பத்தைந்து.
"காத்து ஒங்களுக்கு மட்டுமா அடிச்சுது?"
என்றார். அது ஆறுதலா, பேரமா?
தராசு எடையில்லாமலே கொஞ்சம் பின்னால் நின்றது.
இறக்கி, சரிசெய்து, மறுபடி போடச் சொன்னேன்.
போட்டார்.
முப்பத்தொரு கிலோ முந்நூறு.
ஐந்நூற்று அறுபத்துமூன்று ரூபாய் நாற்பது காசு.
நாற்பது காசைப் பற்றி
இரண்டு பேருமே பேசவில்லை.

மிச்சம் மூன்றில் இரண்டை
கேட்டுக்கு வெளியே பலகையில் வைத்தேன்,
நாட்டுக்கோழி முட்டையும் மட்டிப்பழமும் வைக்கிற பலகை.
முட்டை போயிற்று. மட்டி போயிற்று.
ஏத்தங்காயைப் பார்த்தவர்கள்
"எங்க விளையிலயும் கெடக்கு" என்றபடி நடந்தார்கள்.
தபால்காரர் மட்டும் ஒரு சீப்பு வாங்கினார், இரக்கப்பட்டு.
இரண்டு காய் கூடுதல் வைத்தேன்,
இரக்கம் பாக்கி நிற்கக் கூடாது.
நாலு நாள் ஏத்தங்காய்த் துவரன்.
ஐந்தாம் நாள் ஷாஜின் ஒன்றும் சொல்லவில்லை,
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாவது குலை சபைக்கு.
நட்ட அன்றே நேர்ந்தது, கிழக்கு வரப்பில் முதல் வாழை.
முதலில் சாய்ந்ததும் அதுதான்.
ஞாயிறு ஆராதனை முடிந்து காணிக்கை ஏலம்.
வேதமாணிக்கம் குலையைத் தூக்கிப் பிடித்தார்,
கை நடுங்க நடுங்கக் கூவினார்:
நூறு. நூற்றைம்பது.
குவைத்திலிருந்து வந்திருந்த ஜாஸ்பர் "ஐந்நூறு" என்றார்.
அவருடைய மச்சினன் விடவில்லை.
இவரும் விடவில்லை.
ஆயிரத்து இருநூறில் நின்றது.
ஒன்பது கிலோ இருக்கும்.
பாட்டுப் புத்தக அட்டையில் விரலால் வகுத்துப் பார்த்தேன்,
கிலோ நூற்று முப்பத்துமூன்று.
பக்கத்தில் செய்யதலி இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கேட்டில் ஜாஸ்பர்,
ஸ்கூட்டரின் முன்னால் குலை,
குழந்தையை நிறுத்தி வந்தது மாதிரி.
"அக்கா, வீட்டுல சத்தம். இது பழுக்காதாம்.
நீங்களே எடுத்துக்கிடுங்க."
வில்பிரட் என்னைப் பார்த்தார்.
"எடுக்கலாம்" என்றேன். "பதினெட்டு."
சிரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்றார் ஜாஸ்பர்.
பிறகு குலையைத் தொழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு
பலகைப் பக்கம் வந்தார்.
"மட்டி ஒரு சீப்பு?"
"எழுபது."
நூறு நீட்டினார். மீதி வேண்டாம் என்றார்.
முப்பதை எண்ணி அவர் கையில் வைத்தேன்.
இது ஏலம் இல்லை.

ராத்திரி அஜிதா எழுதினாள்: மட்டி, எழுபது.
பேனாவை எடுக்காமல் கேட்டாள்,
அந்தக் குலையை எந்தப் பக்கம் எழுத, அம்மா?